தையல்நாயகி பிறந்த ஊர்கள்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கொடியில் போட்ட துணி மாலை வரை காயவில்லை. மாடித் தொட்டி கழுவ ஆள் வருவதாகச் சொல்லி, வரவில்லை.

எப்போதோ வகுப்பில் ஒருத்தி கேட்டது இன்று நினைவுக்கு வந்தது. “டீச்சர், புத்தகத்துல ஒரு மாதிரி இருக்கு, நோட்ஸ்ல வேற மாதிரி இருக்கு. பரீட்சையில எதை எழுதணும்?” புத்தகத்தில் உள்ளதை எழுது என்றேன். “புத்தகம் தப்பா இருந்தா?” தப்பாக இருந்தாலும் மார்க் உண்டு என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. எனக்கும் அப்போது அது நல்ல பதிலாகத்தான் பட்டது.

கேட்டவள் ஷாகிதா. நாகூர்ப் பெண். குடவாசல் பக்கம் நான் வரலாறு எடுத்த பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்தாள். இன்று ஃபோன் செய்ததும் அவளே. இப்போது பழைய மாணவியர் சங்கத்தின் செயலாளர். குரலில் அதே அவசரம்.

பள்ளியில் புதிய கலையரங்கம் கட்டியிருக்கிறார்கள். போன வருடம் காலமான பட்டிமன்றப் பேச்சாளர் தையல்நாயகியின் பெயரை வைக்கிறார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர். எனக்கு மூத்தவர். ஒருமுறை ஆண்டு விழாவுக்கு வந்து பேசினார். மைக் நின்றுபோனபோதும் நிறுத்தாமல் பேசி, கடைசி வரிசை வரை சிரிக்க வைத்தார்.

சுவரில் பதிக்க ஒரு கிரானைட் பலகை. அதில் பிறந்த ஊர், பிறந்த நாள் போட வேண்டும். இணையத்தில் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்றாம்.

“கல்லு வெட்டுறவரு சனிக்கிழமை கேட்டிருக்காரு டீச்சர். வெட்டிட்டா அழிக்க முடியாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

“நான் எதுக்குடி? அவங்க வீட்டுல யாரையாவது கேளு.”

“வீட்டுக்காரர் முன்னாடியே போயிட்டாரு. பிள்ளைங்க இல்ல. அக்கா ஒருத்தங்கதான், அலமேலு, குடவாசல்ல இருக்காங்க. நெட்டுல இருந்ததைப் படிச்சுக் காட்டினேன். வருஷத்தை அவங்க ஓட்டு அட்டையோட ஒத்துப் பாத்ததும் மூஞ்சி மாறிடுச்சு. ‘அப்ப நான் அவளுக்குத் தங்கச்சியா?’ன்னாங்க. இப்படிக் கல்லு வச்சா அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன்னுட்டாங்க.”

அந்த அம்மாள்தான் தையல்நாயகியை இடுப்பில் தூக்கி வளர்த்தவராம். அதற்காகப் படிப்பையும் விட்டவராம். இணையக் கணக்குப்படி பார்த்தால் தூக்கியவர் இளையவர், தூக்கப்பட்டவர் மூத்தவர்.

சரி என்று சொல்லிவிட்டேன். சனிக்குள் முடியுமா தெரியவில்லை.

வாங்க: நல்லெண்ணெய், கொத்தவரங்காய், இவருக்கு முட்டி வலித் தைலம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

புழுக்கம். காலை முழுக்க கம்ப்யூட்டர் முன். கழுத்து வலி.

இதுவரை கிடைத்தது (தை. = தையல்நாயகி):

எல்லோரும் கூடி எழுதும் கலைக்களஞ்சியப் பக்கம்: நாகூர். ஆகஸ்ட் கடைசி வாரம். அலமேலு அம்மாளைத் தங்கையாக்கும் வருடம் இதில்தான்.

பட்டிமன்ற ரசிகர்கள் நடத்தும் பக்கம்: குடவாசல். செப்டம்பர் முதல் வாரம். வருடமே இல்லை.

ஒரு நாளிதழின் இரங்கல் செய்தி: “நாகூரைச் சேர்ந்தவர்”. பிறந்தவர் என்று இல்லை. வயது மட்டும், கலைக்களஞ்சியம் சொல்வதே.

பள்ளிப் பதிவேட்டில்: ஜூன் முதல் தேதி. வருடம் செல்லரித்துவிட்டதாம். இதை நான் நம்பவே மாட்டேன். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வரும் தகப்பனுக்குத் தேதி தெரியாது. தலைமை ஆசிரியரே ஜூன் ஒன்று போட்டுவிடுவார். நான் முதன்முதலில் எடுத்த வகுப்பின் பதிவேட்டில் பாதிப் பிள்ளைகள் ஒரே நாளில் பிறந்திருந்தார்கள்.

நாளிதழ் வயதை எங்கே எடுத்தது? அந்த நிருபரின் எண் தேடிப் பிடித்துக் கேட்டேன். “நெட்டுலேந்துதாம்மா.” கலைக்களஞ்சியம் எங்கே எடுத்தது? அடிக்குறிப்பைப் பார்த்தேன். அந்த நாளிதழ். இவர் அவரைக் காட்டுகிறார், அவர் இவரைக் காட்டுகிறார். வகுப்பில் பக்கத்துப் பக்கத்துப் பெண்கள் இருவர் ஒரே தப்பை எழுதியிருந்தால் இப்படித்தான் இருக்கும். யார் யாரைப் பார்த்து எழுதினாள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பிறந்த நாள் மட்டும் பிற்பகல் கொஞ்சம் பிடிபட்டது. பழைய செய்திகளில் தை. பிறந்த நாள் விழாப் படங்கள். ஒரு வருடம் ஆகஸ்ட் கடைசி. அடுத்த வருடம் செப்டம்பர். அதற்கடுத்த வருடம் வேறு தேதி. முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். ஒரு படத்தில் கோயிலில் அர்ச்சனைத் தட்டு, கீழே ‘சுவாதி நட்சத்திர அர்ச்சனை’ என்று. ஓ! நட்சத்திரம். ஆவணி மாதம் சுவாதி. நட்சத்திரம் வருடத்துக்கு வருடம் வேறு வேறு ஆங்கிலத் தேதியில் வரும். யார் எந்த வருடத்துச் செய்தியைப் பார்த்தார்களோ அந்தத் தேதியையே பிறந்த தேதியாகப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்காரரைப் பஞ்சாங்கம் பார்க்கச் சொன்னேன். எல்லாம் சுவாதிதான்.

இதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் சுவாதி என்று மட்டும் தெரிந்து என்ன பயன்? வருடம் தெரிந்தால்தானே தேதி கிடைக்கும்.

ஊர்ப் பிரச்சினையைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் விளக்கினேன். சொந்த ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு என்பது பலருக்கும் புரியவில்லை. ஓர் உதாரணம் எழுதினேன்: “தாயார் வீடு வேதாரண்யம் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம். அப்போது தையல்நாயகி வேதாரண்யத்தில் பிறந்து குடவாசலில் வளர்ந்தார் என்று ஆகும். நாகூர் பிறகு வாழ்ந்த ஊராக இருக்கலாம்.” எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். புரிந்துவிட்டது போலிருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

கரண்ட் இல்லை, காலை முழுக்க. நல்லதாயிற்று. யோசிக்க நேரம் கிடைத்தது.

வருடம். கலைக்களஞ்சியத்தில் நாளிதழ் தவிர இன்னோர் அடிக்குறிப்பு இருந்தது. பழைய வார இதழ் ஒன்றின் படம். தலைப்பு, பேச்சாளர் தையல்நாயகிக்கு அறுபதாம் கல்யாணம். இடம் திருக்கடையூர். மாலையும் கழுத்துமாகத் தை., பக்கத்தில் கணவர், தலையில் கலச நீர் வழிகிறது. அந்த வருடத்திலிருந்து அறுபதைக் கழித்தால், கலைக்களஞ்சியத்தில் இருக்கும் அதே வருடம். கழித்தவர் யாரோ கணக்கில் கெட்டிக்காரர்.

கரண்ட் வந்ததும் படத்தை இவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“யாருக்குடி அறுபது?”

“போட்டிருக்கே, தையல்நாயகிக்குன்னு.”

“நம்ம திருக்கடையூர் போனப்ப உனக்கா அறுபது?”

தூக்கிவாரிப் போட்டது. அறுபதாம் கல்யாணம் என்பது கணவனுக்கு அறுபது ஆகும்போது செய்வது! இவருக்கு அறுபது முடிந்தபோது நான் இன்னும் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லோரும் வாழ்த்தினார்கள். புதிதாக வந்த ஒரு டீச்சர் மட்டும் என்னைப் பார்த்து, “அறுபது ஆயிடுச்சா? அப்ப எப்படி மேடம் இன்னும் ரிட்டயர் ஆகல?” என்றாள். அவளைக் கேலி செய்து செய்தே ஒரு பருவம் ஓடியது. அப்படிப்பட்ட நான் இரண்டு நாளாக அதே தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பெயர் பெற்றவர் மனைவி. அதனால் செய்தியில் அவர் பெயர். வயது கணவருடையது.

“ஒரு வாரமா தேடுறியே, என்னைக் கேட்டிருக்கலாம்ல?”

“ஒரு வாரம் ஆகல. மூணு நாளுதான்.”

“அதுக்குள்ள இப்படி இளைச்சுட்டியே.”

காபி போட்டுக் கொடுத்தேன்.

ஆகக் கலைக்களஞ்சியத்தின் வருடம் தப்பு. ஆனால் கணவர் எவ்வளவு மூத்தவர்? அது எங்கேயும் இல்லை. தப்பு எது என்று தெரிந்துவிட்டது, சரி எது என்று தெரியவில்லை. முன்பை விடக் குழப்பம். நாளை குடவாசல்.

செப்டம்பர் 11, வியாழன்

வெயில். பஸ் மெதுவாகத்தான் போனது. சாலையில் பாதி அகலத்துக்குக் குறுவை நெல் காய்கிறது. பெண்கள் காலால் கிளறிவிட்டுக்கொண்டே நடக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் போர்த்திய குவியல்கள். டிரைவர் ஒவ்வொரு குவியலுக்கும் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார். யாரும் அவசரப்படவில்லை.

அலமேலு அம்மாள் வீடு பெருமாள் கோயில் தெரு தாண்டி. ஒல்லி. காது நன்றாகக் கேட்கிறது. என்னை உட்காரச் சொல்லவில்லை.

“கல்லு வைக்கிறவங்க நீங்கதானா?”

“வைக்கிறது சங்கத்துக்காரங்க, அக்கா. சரியா இருக்கான்னு பாக்குறது நான்.”

“என்னத்தப் பாக்குறது? அவ பொறந்தப்ப நான் வெளிய பாண்டி ஆடிக்கிட்டு இருந்தேன். உள்ள வராதடின்னு மருத்துவச்சி வெரட்டுனா. கொஞ்ச நேரத்துல அழுகைச் சத்தம். அதுதான் அவ. இதுக்கு மேல என்ன சரி பாக்கணும்?”

பிறகு உட்காரச் சொன்னார்.

அன்று பாண்டி ஆடியது எந்த ஊரில் என்று கேட்டேன். யோசித்தார். “கோடு போட்டா நிக்காது. மணலு. கலைஞ்சு கலைஞ்சு போவும்.” எனக்கு உள்ளுக்குள் துள்ளல். குடவாசல் பக்கம் களிமண். கோடு போட்டால் மழை வரும்வரை அப்படியே இருக்கும். மணல் என்றால் கடற்கரை. நாகூர். பேனாவால் எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

காபி குடிக்கும்போது அவரே சொன்னார்: “மாமா வீட்டுக்குச் செவுரு வைக்க ஆத்து மணல் அடிச்சு வச்சிருந்தாங்க. அதுல ஆடித்தான் திட்டு வாங்குனோம்.”

“மாமா வீடு எங்க இருந்துச்சு?”

“இங்கதான்.” அடிக்கோட்டை அடித்தேன். குடவாசல் என்று எழுதினேன். “இல்ல... மாமா அப்ப நாகூர் மண்டியில மூட்டை தூக்கப் போயிட்டாரோ? அப்பாவும் அவரும் சேந்துதான் போனாங்க.” அதையும் அடித்தேன்.

வருடம்? அவருடைய வயது தெரிந்தால் கொஞ்சம் கழித்துப் பார்க்கலாமே என்று, ஓட்டு அட்டையில் என்ன வயது என்று கேட்டேன். “அது கணக்கெடுக்க வந்த தம்பி போட்டது. என்ன வயசும்மான்னான். நீயே பாத்துச் சொல்லுன்னேன். மூஞ்சியப் பாத்துப் போட்டுக்கிட்டான்.”

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அவர்தான் முதலில் சிரித்தார்.

பிறகு சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது.

“அம்மா நடவுக்குப் போயிடும். மத்தியானம் இவளை இடுப்புல வச்சுக்கிட்டு வரப்புல நடந்து போவேன். அம்மா வாய்க்கால்ல கைகாலக் கழுவிட்டு வந்து வரப்புலயே உக்காந்து பால் குடுக்கும். நான் நண்டு வளையப் பாத்துக்கிட்டு நிப்பேன். குடிச்சு முடிச்சதும் திரும்பத் தூக்கிட்டு வரணும். பள்ளிக்கூடத்துல எனக்கும் பேரு குடுத்தாங்க. நான் போயிட்டா இவள யாரு பாக்குறது? அவ போனா. நல்லாப் படிச்சா.”

வெளியே நெல் டிராக்டர் போனது.

“மேடையில ஒரு தடவை, ‘என்னைத் தூக்கி வளத்த அக்கா அங்க உக்காந்திருக்காங்க’ன்னு கையக் காட்டுனா. கூட்டமே திரும்பிப் பாத்துச்சு. எனக்குத் தலைய எங்க வச்சுக்கறதுன்னே தெரியல. இப்ப கல்லுல அவ பெரியவன்னு வெட்டுனா, அன்னைக்கு அவ மேடையில பொய் சொன்னாளா டீச்சரம்மா?”

இல்லை என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை.

கிளம்பும்போது ஒரு பை நிறைய முருங்கைக்கீரை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் பாதியை வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையிலேயே ஷாகிதா. “டீச்சர்! கண்டுபிடிச்சிட்டீங்க! சொல்லவே இல்ல?”

“என்னத்தக் கண்டுபிடிச்சேன்?”

“வேதாரண்யம்! நெட்டுலயே வந்திருச்சு!”

ஓடிப் போய்ப் பார்த்தேன். “தையல்நாயகி வேதாரண்யத்தில் பிறந்து குடவாசலில் வளர்ந்தார்.” என் வாக்கியம். என் உதாரணம்! “வைத்துக்கொள்வோம்” மட்டும் காணோம். அடிக்குறிப்பில் ‘ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவரின் ஆய்வு’ என்று போட்டிருக்கிறது. ஆய்வாம்.

“அது உதாரணம்டி! சும்மா சொன்னது!”

“உதாரணமா? நீங்க போர்டுல எழுதினா நாங்க அப்படியே எழுதிக்குவோம் டீச்சர். அப்படித்தான பழக்குனீங்க?”

குழுவில் இருக்கும் யாரோ ஒருத்திதான் எடுத்துப் போட்டிருக்க வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பாள்.

இவர் உதவியோடு கணக்குத் தொடங்கி, அந்த வரியை நீக்கினேன். காரணம் கேட்டது, “இது வெறும் உதாரணம்” என்று எழுதினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வரி திரும்பவும் அங்கே. யாரோ முகம் தெரியாதவர் குறிப்பு எழுதியிருந்தார்: சான்றுடன் உள்ள தகவலைச் சான்று இல்லாமல் நீக்க வேண்டாம்.

அந்தச் சான்றே நான்தான். நான் சொன்னால் சான்று, நானே இல்லை என்றால் சான்று இல்லை.

“நீ அந்த டீச்சர்தான்னு நிரூபிக்கணும்”னார் இவர்.

“எப்படி?”

“நீ எங்கயாவது நெட்டுல இருந்தா காட்டலாம். இருக்கியா?”

இல்லை.

சாயங்காலம் இன்னொன்று வந்தது. உப்பளப் படத்தின் மேல் தை. படத்தை ஒட்டி, ‘வேதாரண்யம் மண்ணின் மகள்’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள். கீழே நிறையப் பேர் வாழ்த்து. ஒருவர், சின்ன வயதில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் விளையாடியதாகவே எழுதியிருக்கிறார். அதைப் படித்து எனக்கே ஒரு கணம் சந்தேகம். ஒருவேளை நிஜமாகவே வேதாரண்யம்தானோ?

அலமேலு அம்மாளுக்கு ஃபோன் செய்து கேட்டுவிட்டேன். “வேதாரண்யமா? அங்க எங்கள ஒரு நாயிக்குக்கூடத் தெரியாது.”

நிம்மதி. பருப்பு தீய்ந்துவிட்டது.

செப்டம்பர் 13, சனி

மழை. ஓயாமல். முந்தாநாள் சாலையில் பார்த்த நெல்லெல்லாம் என்னவாயிற்றோ.

கல் வெட்டுபவர் உச்சி நேரத்துக்குள் கேட்டிருந்தார். எழுதி எழுதிக் கிழித்தேன்.

உறுதியாகத் தெரிந்தவை: இந்தப் பள்ளியில் படித்தார். பட்டிமன்றம் பேசினார். ஆவணி சுவாதி. அலமேலுவுக்கு இளையவர்.

தெரியாதவை: வருடம். தேதி. ஊர்.

ஷாகிதாவிடம், தெரிந்ததை மட்டும் வெட்டலாம் என்றேன். பிறந்த ஊர் வேண்டாம், வருடம் வேண்டாம்.

“வருஷம் இல்லாம கல்லு மொட்டையா இருக்காதா டீச்சர்? கமிட்டியில கேப்பாங்க.”

“தெரியலன்னு சொல்லு. தெரியலங்கிறது தப்பான விடை இல்ல.”

“எங்களுக்கு மட்டும் தெரியலன்னா முட்டை போட்டீங்க!”

போட்டேன்தான்.

கடைசியில் இப்படி:

பட்டிமன்றப் பேச்சாளர்
தையல்நாயகி
இப்பள்ளியில் படித்தவர்
அலமேலுவின் தங்கை

“கல்லுல போய் தங்கச்சின்னு யாராச்சும் போடுவாங்களா டீச்சர்?”

“இன்னாருடைய மகன், இன்னாருடைய மனைவின்னு போடுறாங்கள்ல? இதையும் போடு. அந்த வரியில எனக்குச் சந்தேகமே இல்ல.”

“சரி டீச்சர். நான் சண்டை போட்டுக்கறேன்”னாள்.

பிறகு அலமேலு அம்மாளிடம் படித்துக் காட்டினேன். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போல, திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னார்.

“எம் பேரு எதுக்கும்மா அதுல?”

“நீங்க பெரியவங்கன்னு தெரிய வேணாமா?”

“எங்க வருது? மேலயா, கீழயா?”

“அவங்க மேல. நீங்க கீழ.” சொல்லும்போது தயக்கமாக இருந்தது.

“அதுதான் சரி. தூக்குறவ கீழதான இருக்கணும்.” கொஞ்சம் பொறுத்து, “தொறப்பு விழா என்னைக்கு? மழ விட்டா வர்றேன்.”

செப்டம்பர் 15, திங்கள்

மழை விட்டது. தெருவெல்லாம் ஈர நெல் வாடை. தொட்டி கழுவும் ஆள் இன்றும் வரவில்லை.

கமிட்டி ஒத்துக்கொண்டதாம். கல் வெட்டத் தொடங்கிவிட்டார். இணையத்தில் இன்னும் வேதாரண்யம். மறுபடி நீக்கினேன். மறுபடி வந்தது. இன்று புதிதாக ஒரு பக்கம், தாயார் வீடும் அங்கேதான் என்று. அதுவும் என் உதாரணத்திலிருந்துதான். விட்டுவிட்டேன். விட்டேனா தெரியவில்லை, நாளைக்கும் போய்ப் பார்ப்பேன்.

எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பென்ஷன் தாளில் ஒரு தேதி. ஜாதகத்தில் வேறு. அம்மா எப்போதும் சொன்னது, நல்ல வெயிலில் பிறந்தேன் என்று. சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு ஃபோன் செய்து, நான் பிறந்த அன்று நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

“என்னடி திடீர்னு? கப்பல் விட்டுக்கிட்டு இருந்தேன். வாசல்ல முழங்கால் தண்ணி. தங்கச்சி பொறந்திருக்குன்னாங்க. கப்பலை விட்டுட்டு வர மனசில்ல.”

அம்மா சொன்னது வெயில். இவன் சொல்வது முழங்கால் தண்ணீர். எதை எடுப்பது? தெரியவில்லை. ஆனால் இத்தனை வயதில் இதை அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அரை மணி நேரம் பேசினோம்.

இதை யாராவது எடுத்துப் படித்தால்: உங்களைவிட மூத்தவர் ஒருவரிடம், நீங்கள் பிறந்த அன்று அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.